மேனேஜர் கூட வரும் நாளில்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் மருந்து ரெப்பாக, அதாவது டொக்டர்களைச் சந்தித்துக் கம்பனி மருந்துகளை எடுத்துச் சொல்பவராக, இருப்பவர்களுக்கு ஒன்று. மேனேஜர் கூட வரும் நாளில் நன்றாகப் பழகிய டொக்டர்களாகப் பார்த்துக் கூட்டிப்போகாதீர்கள். முகம் கொடுத்தே பேசாத ஒருவரையும் சேருங்கள், உதவி தேவைப்படுவது அங்கேதான். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை என்று ஏ7 வீதியோடு போனால் திரும்பி அலைய வேண்டியதில்லை. மழைக்கும் மூடுபனிக்கும் நேரம் விடுங்கள்.

மேனேஜர்மாரே, உள்ளே ரெப் தடுமாறினாலும் பேச்சைப் பிடுங்காதீர்கள். அப்புறம் டொக்டர் அந்தப் பிள்ளையை மதிக்கமாட்டார். மருந்தின் அளவையோ பக்கவிளைவையோ பிழையாகச் சொன்னால் மட்டும் அங்கேயே திருத்துங்கள். மற்றதெல்லாம் வெளியே வந்து, பிளேன்டீ குடித்தபடி. முதலில் "எப்படிப் போச்சு?" என்று கேளுங்கள். பிறகு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள், அடுத்த டொக்டரிடமே செய்து பார்க்கக்கூடியதாக.