கட்டையாகிப்போன பின்பக்கம்

காட்பாடி பாலம் ஏறி இறங்கினால் முதுகெலும்பை எண்ணிவிடலாம். என் பழைய ஸ்டேஷன் வேகனின் பின்பக்கம் அவ்வளவு கட்டை. பாரத்துக்கேற்ப தானே உயரம் சரிசெய்யும் ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் அது.

“கழட்டிட்டு சாதா ஷாக் போட்டுக்கலாம் சார்” என்றார் சத்துவாச்சாரி மெக்கானிக். போடலாம்தான். ஆனால் இதில் ஸ்பிரிங் பாரத்தில் ஒரு பகுதியைத்தான் தாங்கும். மீதி எண்ணெய் அழுத்தம். கனமான ஸ்பிரிங்கும் வேண்டும்.

உயரம் சரி, ஒழுக்கும் இல்லை. அப்படியானால் கோளாறு, அதிர்வை வாங்கிக்கொள்ளும் வாயு உருண்டைகளில்தான். உள்ளே ஒருபுறம் நைட்ரஜன், மறுபுறம் எண்ணெய், நடுவில் ரப்பர் சவ்வு. சவ்வு கிழிந்தால் வாயு போய்விடும், எண்ணெய் அமுங்காதே!

உயரத்தைச் சரிசெய்யும் லெவல் வால்வின் ப்ளீடரில் (எண்ணெயை வெளியேற்றும் திருகு) டியூப் மாட்டி அழுத்தத்தை இறக்கிய பிறகே குழாயைத் தொட்டோம். கழற்றிய உருண்டையிலிருந்து கருப்பு எண்ணெய் கொட்டிக்கொண்டே இருந்தது. இரண்டையும் மாற்றி, புது எண்ணெய், ஃபில்டர்.

அப்புறம் அதே பாலம். பின்சீட்டில் அம்மா தூங்கிவிட்டார்.