அனிமே, மங்கா ஆவணப்படங்களைப் பார்க்கும் முறை

ஜப்பானிய அசைவூட்டப் படங்களான அனிமேயும், ஜப்பானியப் படக்கதைகளான மங்காவும் எப்படி உருவாகின்றன என்பதை ஆவணப்படங்களின் வழியே அறிய விரும்புபவர்கள், படத்தைத் தொடங்கும் முன்பே அதை எடுத்தவர் யார், அவரை உள்ளே அனுமதித்தவர் யார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டூடியோவின் இசைவு இல்லாமல் கேமரா உள்ளே நுழைய முடியாது என்பதால், எது காட்டப்படுகிறது, எது விடுபடுகிறது என்பதில் அந்த இசைவுக்குப் பெரும் பங்கு உண்டு.

புகழ்பெற்ற இயக்குநர்களைப் பற்றிய படங்களைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, 2014-இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே தொலைக்காட்சியில் தொடங்கிய 'மான்பென்' தொடரிலிருந்து ஆரம்பிப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மங்கா ஓவியர் நவோகி உரசாவா நடத்தும் இத்தொடரில், வேறொரு ஓவியரின் பணியறையில் நிலையான கேமராக்களைப் பொருத்தி, அவர் வரைவதைப் பல நாட்கள் பதிவுசெய்கிறார்கள். பிறகு அந்த ஓவியரும் உரசாவாவும் அக்காட்சிகளைச் சேர்ந்து பார்த்தபடி உரையாடுகிறார்கள். ஒவ்வொரு பகுதியையும் இரண்டு முறை பாருங்கள். முதல் முறை உரையாடலைப் பின்தொடருங்கள். இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டு, முகத்தில் எந்தக் கோடு முதலில் விழுகிறது, எந்த இடத்தில் கை தயங்குகிறது, எது அழிக்கப்படுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். நேர்காணலில் எவராலும் விளக்க முடியாத தொழில்நுட்பம் அந்தத் தயக்கத்தில்தான் வெளிப்படுகிறது.

அடுத்து, புகழ்பெற்ற அனிமே நிறுவனமான ஸ்டூடியோ ஜிப்லிக்கு வரலாம். மாமி சுனாடா இயக்கி 2013-இல் வெளியான 'கனவும் பித்தும் ஆளும் ராஜ்ஜியம்', அதன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி 'காற்று எழுகிறது' படத்தை உருவாக்கிய நாட்களைப் பதிவுசெய்கிறது. அதே காலத்தில் ஜிப்லியின் மற்றொரு இயக்குநரான இசாவோ தகாஹட்டா 'இளவரசி ககுயா'வை உருவாக்கிக்கொண்டிருந்தார். இரண்டையும் ஒரே நாளில் வெளியிடத் திட்டமிட்டிருந்தும் அவருடைய படம் தாமதமானது. சுனாடாவின் படத்தில் தகாஹட்டா நேரில் தோன்றுவது மிக அரிது; ஆனால் அவரைப் பற்றிய பேச்சு ஓயாமல் எழுகிறது. ஆகவே, 'ககுயா' உருவான விதத்தைச் சொல்லும் தனி ஆவணப்படத்தையும் தேடி, இதை ஒட்டியே பார்த்துவிட வேண்டும். அப்போதுதான் அந்த இடைவெளி நிரம்பும்.

துண்டுக் காட்சிகளை நம்பி முடிவுக்கு வராதீர்கள். செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய, தரையில் ஊர்ந்து நகரும் விகாரமான உருவத்தைக் கண்டு மியாசாகி சினந்து பேசும் காட்சி இணையத்தில் ஓயாமல் பகிரப்படுகிறது. அது காக்கு அரகாவா இயக்கி 2016-இல் என்எச்கேயில் ஒளிபரப்பான ஆவணப்படத்தின் ஒரு பகுதி. முழுப் படத்தையும் பார்ப்பவருக்கு, அதே மியாசாகி இளம் கணினி வரைகலைக் கலைஞர்களோடு அமர்ந்து, ஒரு புழுவைப் பற்றிய குறும்படத்துக்காகப் புதிய முறையைப் பொறுமையாக முயன்று பார்ப்பதும் தெரியவரும். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் எதை மறுத்தார் என்பது விளங்கும்.

2010-இல் 46 வயதில் காலமான அனிமே இயக்குநர் சதோஷி கோனைப் பற்றி, பாஸ்கல்-அலெக்ஸ் வின்சென்ட் 2021-இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதைப் பார்ப்பதற்கு முன் கோனின் நான்கு முழுநீளத் திரைப்படங்களையும் பார்த்துவிடுவது அவசியம். இல்லையெனில் நண்பர்களும் சக கலைஞர்களும் சொல்வது வெறும் புகழுரையாகவே காதில் விழும்.

அனிமே, மங்காவைத் தாண்டி ஜப்பானிய ரசிகர் உலகைக் காட்டும், கியோகோ மியாகேயின் 'டோக்கியோ ஐடல்ஸ்' (2017) போன்ற படங்களில் வேறு வகைக் கவனம் தேவை. இளம் பாடகிகளையும் அவர்களைச் சூழும் நடுவயது ஆண் ரசிகர்களையும் காட்டும் அப்படத்தில், பாடகி பேசும் இடங்களையும், ரசிகர் பேசும் இடங்களையும், இருவரையும் பற்றி வல்லுநர்கள் பேசும் இடங்களையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்; இயக்குநரின் நிலைப்பாடு அந்த அடுக்கிலேயே தென்படும்.

எந்தப் படமானாலும், யாரிடம் கேள்வியே கேட்கப்படவில்லை என்பதையும் பாருங்கள். ஓர் அசைவின் முக்கிய நிலைகளைக் காட்டும் ஓவியங்களான முக்கியச் சட்டகங்களுக்கு நடுவிலுள்ள அசைவுகளை வரையும் இளம் கலைஞர்கள் பலருக்கு, வரைந்து தரும் தாள்களின் எண்ணிக்கையைக் கொண்டே ஊதியம் கணக்கிடப்படுகிறது. அவர்கள் குனிந்து வரைவதைக் காட்டும் படம் அந்த ஊதியத்தைப் பற்றிப் பேசுகிறதா என்று கேட்டுக்கொண்டே பாருங்கள்.