ஸ்கில் கோப்புகளிலும் கவ்வாத்து வேண்டும்: ஏஐ கருவியோடு ஸ்பிரிண்ட் ஓட்டும் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுவையையும் செக்ரோலையும் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) கைப்பேசியில் பதியும் ஒரு செயலியை இலங்கையின் ஹட்டனில் இருந்து உருவாக்கி வருகிறோம். நாங்கள் ஐந்து பேர், இரண்டு வார ஸ்பிரிண்ட் (ஒரு சுற்று வேலை), துணைக்குக் கோட் எழுதும் ஏஐ கருவியான கிளாட் கோட். ஒருநாள் பேக்லாகில், அதாவது செய்ய வேண்டிய வேலைப் பட்டியலில், இருந்த ஒரு வரியை அதனிடம் கொடுத்து யூசர் ஸ்டோரியாக (பயனருக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் சிறு வேலைக் குறிப்பு) பிரிக்கச் சொன்னோம். "அரைப்பேர் போட்டால் காரணம் பதிய வேண்டும்" என்பதுதான் அந்த வரி.

வந்த ஸ்டோரி இது: "தனியுரிமைக்காகத் தொழிலாளியின் பெயரில் பாதியை மறைத்துக் காட்ட வேண்டும்." அதற்கு மூன்று டெஸ்ட்டும் எழுதியிருந்தது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 'பேர்' என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. அன்றைய கொழுந்து போதவில்லை என்றால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். ஒரு குடும்பத்தின் அந்த நாள் வருமானமே இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. அதைக் கருவி பெயர் மறைப்பாகப் புரிந்துகொண்டது எங்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது. ஏனென்றால் பேர், அரைப்பேர், கைக்காசு (ரொக்கமாகத் தரும் கூலி) எல்லாவற்றையும் விளக்கி நாங்களே ஒரு ஸ்கில், அதாவது கருவிக்கான வழிமுறைக் குறிப்பு, எழுதி வைத்திருந்தோம். கருவி அதைத் திறக்கவே இல்லை.

இங்கேதான் எல்லாருக்கும் நடக்கும் முதல் தவறு இருக்கிறது. கிளாட் கோடை உருவாக்கிய ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025 அக்டோபரில் ஸ்கில் முறையை அறிமுகப்படுத்தியது. ஒரு ஸ்கில் என்பது ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒரு குறிப்புக் கோப்பு. கோப்பின் தலையில் பெயரும் விவரணையும் இருக்கும், அதற்குக் கீழே முழு வழிமுறை. வேலை தொடங்கும்போது கருவியின் கண்ணில் படுவது பெயரும் விவரணையும் மட்டுமே. அதைப் பார்த்து, 'இந்த வேலைக்கு இது தேவை' என்று தோன்றினால்தான் உள்ளே போய் மீதியைப் படிக்கும். எங்கள் ஸ்கிலின் பெயர் 'டொமைன்-ஹெல்பர்'. விவரணை: "இந்தத் திட்டத்துக்கு உதவும் தகவல்கள்." இதை வைத்துக்கொண்டு எந்த வேலைக்கு அதை எடுப்பது என்று மனிதருக்கே தெரியாது.

விவரணையில் ஸ்கில் என்ன செய்யும் என்பதோடு எப்போது எடுக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அதையும் குழு பேசும் சொற்களில் எழுதுங்கள். நாங்கள் இப்படி மாற்றினோம்: "தோட்டத் தொழில் சொற்களின் பொருள். கொழுந்து, பேர், அரைப்பேர், கைக்காசு, செக்ரோல் ஆகியவை வரும் ஸ்டோரி, டெஸ்ட், திரைச் சொற்கள் எழுதும்போது பயன்படுத்து." விவரணைக்கு 1024 எழுத்துகள் வரை இடம் உண்டு, ஆகவே சுருக்க வேண்டிய கட்டாயமில்லை. மாற்றியதும் புதிய உரையாடல் ஒன்றைத் திறந்து, ஸ்கிலின் பெயரைச் சொல்லாமல், வழக்கமாகக் கேட்பது போலவே கேட்டுப் பாருங்கள். பழைய உரையாடலிலேயே சோதித்தால், ஏற்கெனவே பேசியது அதன் நினைவில் இருக்கும், உங்களுக்குப் பொய்யான நிம்மதிதான் கிடைக்கும்.

அப்புறம் இன்னொன்றும் புரிந்தது. எல்லா வேலைக்கும் தேவைப்படுவதை ஸ்கிலில் வைப்பதே தவறு. பேர் என்றால் என்ன என்பது எங்கள் திட்டத்தில் தினமும் வேண்டும். அப்படிப்பட்ட பத்து வரிகளை, கருவி ஒவ்வொரு முறையும் தானாகப் படிக்கும் கிளாட்.எம்டி போன்ற திட்டக் கோப்பில் வைத்துவிட்டோம். எந்தச் சூழலில் அரைப்பேர் விழும், ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு எப்படி என்ற நீண்ட விளக்கம் மட்டும் ஸ்கிலில் இருக்கிறது. இதற்கு நேர்மாறாக எல்லாவற்றையும் திட்டக் கோப்பில் கொட்டுபவர்களும் உண்டு. அப்போது சின்னப் பிழையைத் திருத்தும்போதுகூட அத்தனை பாரத்தையும் கருவி சுமக்கும், முக்கியமான வரி கூட்டத்தில் தொலையும்.

இரண்டாவது பெரிய தவறு ஆபத்தானது. கமாண்ட் என்றால் நாம் சாய்வுக்கோடு போட்டு அழைப்பது என்றுதான் பலர் நினைக்கிறோம். கிளாட் கோடில் இப்போது கமாண்டும் ஸ்கிலும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. தடுத்து வைக்காவிட்டால் இரண்டையும் கருவி தானாகவும் அழைக்கலாம். எங்களிடம் ஸ்பிரிண்டை மூடும் கமாண்ட் ஒன்று இருந்தது. முடியாத ஸ்டோரிகளை அடுத்த ஸ்பிரிண்டுக்கு நகர்த்துவது அதன் வேலை. குழுவில் ஒருவர் புதன்கிழமை, "இந்த ஸ்பிரிண்ட் எப்படி முடியும் போலிருக்கிறது?" என்று சாதாரணமாகக் கேட்டார். கருவி ஸ்பிரிண்டையே மூடிவிட்டது. பலகையைச் சரிசெய்ய ஒரு காலைப்பொழுது போனது. ஸ்டோரியை நகர்த்தியதோடு போனது. அதுவே சம்பளப் பதிவுள்ள தரவுத்தளத்தை மாற்றும் கமாண்டாக இருந்தால்?

வெளியே விளைவு உண்டாக்கும் எதையும், அதாவது ரிலீஸ், தரவுத்தள மாற்றம், வாடிக்கையாளருக்குச் செய்தி போன்றவற்றை, மனிதர் அழைத்தால் மட்டும் ஓடும்படி வையுங்கள். கோப்பின் தலைப்பகுதியில் 'டிசேபிள்-மாடல்-இன்வொகேஷன்' என்ற அமைப்பை 'ட்ரூ' என்று போட்டால் போதும். ஒரே ஒரு வரி.

ஸ்டோரி எழுதி, கோட் எழுதி, டெஸ்ட் ஓட்டி, புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) வரை போகும் ஒரே ராட்சத கமாண்டும் வேண்டாம். நடுவில் எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க முடியாது. குறிப்புக் கோப்பை 500 வரிக்குள் வைத்துக்கொண்டு, நீளமானதைத் தனிக் கோப்பாக்கி வழி மட்டும் காட்டுங்கள். ஸ்பிரிண்ட் எண்ணையோ ஆள் பெயரையோ உள்ளே எழுதிவைக்காமல், அழைக்கும்போது கொடுங்கள். கடவுச்சொல்லை எந்தக் கோப்பிலும் வைக்காதீர்கள்.

பண்டாரவளையில் இருந்து வேலை செய்யும் எங்கள் தோழி ஒருவர் கருவியை வைத்துச் செய்யும் ரிவியூ (கோட் சரிபார்ப்பு) மட்டும் சில வாரங்களாக வேறு மாதிரி வந்துகொண்டிருந்தது. அவரது கணினியில், சொந்த ஃபோல்டரில், குழுவின் ஸ்கிலுக்கு வைத்த அதே பெயரில் பழைய பிரதி ஒன்று இருந்தது. ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் கிளாட் கோட் சொந்த ஸ்கிலைத்தான் எடுக்கும், திட்டத்தில் இருப்பதை அல்ல. குழுவுக்கானது கிட்டில் (கோப்பு மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் மென்பொருள்), எல்லோரும் ரிவியூ செய்யும் இடத்தில் இருக்கட்டும். சொந்தமானதற்கு வேறு பெயர் வையுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் ஸ்கிலை அப்படியே இறக்கிப் போடுவதையும் நிறுத்துங்கள். அதற்குள் ஸ்கிரிப்டும் இருக்கலாம், அது உங்கள் கணினியில் உங்கள் உரிமையோடு ஓடும். ஒவ்வொரு வரியையும் படித்துப் புரிந்த பிறகு எடுங்கள். படிக்க நேரமில்லை என்றால் அது வேண்டாம்.

கவ்வாத்து வெட்டாத தேயிலைச் செடி மரமாக வளர்ந்துவிடும், கொழுந்து கைக்கு எட்டாது. எங்கள் ஸ்கில் ஃபோல்டரும் அப்படித்தான் ஆகியிருந்தது. ஸ்டோரி எழுத மட்டும் மூன்று இருந்தன, மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் முரண்பட்டன. எதை எடுப்பது என்று கருவி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக முடிவு செய்தது. இப்போது ஒவ்வொரு ரெட்ரோவிலும் (ஸ்பிரிண்ட் முடிவில் திரும்பிப் பார்க்கும் கூட்டம்) அரைமணி நேரம் இதற்கு மட்டும். ஒவ்வொரு ஸ்கிலுக்கும் ஒருவர் பொறுப்பு. இந்த ஸ்பிரிண்டில் இதை யார் பயன்படுத்தினார்கள் என்று கேட்போம். இரண்டு முறை பதில் வராவிட்டால் நீக்கிவிடுவோம். கிட்டில் வரலாறு இருக்கிறது, வேண்டுமென்றால் திரும்ப எடுக்கலாம். போன ரெட்ரோவில் பதினேழில் ஆறு போயின. 'டொமைன்-ஹெல்பர்' என்ற பெயரையும் அன்றைக்கே மாற்றினோம். இப்போது அதன் பெயர் 'செக்ரோல்-வேர்ட்ஸ்'.