டீக்கடையில் தன்பாலீர்ப்பு பற்றிப் பேச்சு வந்தால் எப்படிப் பேசுவது

வியாசர்பாடியோ தண்டையார்பேட்டையோ, டீக்கடையில் ஆணுக்கு ஆண் மேலும் பெண்ணுக்குப் பெண் மேலும் வரும் ஈர்ப்பு பற்றி இந்தப் பேச்சு வந்தால் எடுத்தவுடன் உரிமை, சட்டம் என்று ஆரம்பிக்காதீர்கள். எதிர்த்துப் பேசுகிறவர் மனதில் முதலில் ஒரு தப்பான தகவல் உட்கார்ந்திருக்கும், எதிர்ப்பு அதிலிருந்துதான் வருகிறது. "ஏன்ணா அப்படிச் சொல்றீங்க?" என்று கேளுங்கள், அவர் முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.

பெரும்பாலும் "அது நோய்ப்பா, கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்பார். இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். நோய் என்று நம்புகிறவருக்கு உரிமை எதற்கு என்றே புரியாது, வைத்தியம்தான் தோன்றும், மந்திரிக்கக் கூட்டிப்போவார், அவசரமாகப் பெண் பார்ப்பார், கடைசியில் ஒன்றும் தெரியாமல் கழுத்தை நீட்டிய பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து போகும். உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டது. 2021-ல், மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பி வந்த இரண்டு பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படி 'மாற்றுகிற' சிகிச்சைக்கே தடை போட்டார். அதற்கு முன் தனக்கு இது பற்றிச் சரியாகத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். இதைக் கட்டாயம் சொல்லுங்கள். நீதிபதியே கேட்டு மாறினார் என்றால் எதிரே இருக்கும் அண்ணனுக்கும் மாறுவது கௌரவக் குறைவாகத் தெரியாது.

"வெளிநாட்டுப் பழக்கம்" என்றால் சுருக்கமாக முடியுங்கள்: இதைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவைத்தான் வெள்ளைக்காரன் 1860-ல் கொண்டுவந்தான். வயது வந்த இருவர் சம்மதத்தோடு இருந்தால் குற்றமில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் "சின்னப் பசங்களைக் கெடுத்துடுவாங்க" என்று வரும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் அப்படியே இருக்கிறது, குழந்தையிடம் தப்பாக நடப்பவர் யாராக இருந்தாலும் குற்றவாளிதான்.

"நாம பேசி என்னாகப் போகுது?" என்று சிலர் கேட்பார்கள். 2023-ல் உச்ச நீதிமன்றம் திருமண அங்கீகாரம் தர மறுத்து, அது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. அங்கே போகிறவர்கள் நம் தெருவில்தான் ஓட்டு கேட்டு வருகிறார்கள்.

ஒன்று மட்டும் செய்யவே கூடாது. ஏரியாவில் உங்களுக்குத் தெரிந்த யாரையும் உதாரணமாகக் காட்டாதீர்கள், பெயர் சொல்லாவிட்டாலும் அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள். பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு தம்பி பிறகு தனியாக வந்து ஏதாவது சொன்னால், கேளுங்கள், அவன் சம்மதிக்காமல் அவன் வீட்டுக்குக்கூட அதைக் கொண்டுபோகாதீர்கள்.