விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்தெடுப்பது எப்படி

யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனனின் ‘த இன்கம்ப்ளீட் தோம்பு’ 2011இல் நூலாக வந்தது. இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் வீட்டைத் தாங்களே வரைந்த தாள், அதன் கட்டட வரைபடம், சனாதனனின் பாஸ்டல் (பொடி உதிரும் வண்ணக்கட்டி) ஓவியம் என்று ஒவ்வொரு வீடும் அதில் மூன்று முறை வருகிறது. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. இதே வழியில் உங்கள் குடும்பத்து வீட்டையும் பதிந்துவைக்கலாம்.

ஏ3 தாள், அதே அளவில் டிரேசிங் தாள், 2பி பென்சில், ஒலிப்பதிவுக்கு ஒரு போன் போதும். அழிறப்பரை மேசையில் வைக்காதீர்கள். பிழையென்று அழிக்கப் போகும் கோடு பின்னாளில் அடைத்த வாசலாக இருக்கக்கூடும்.

ஒருவர் மட்டும் வரையட்டும். சகோதரங்கள் பக்கத்தில் இருந்தால் கிணறு எந்தப் பக்கம் என்று தொடங்கி, இருவரும் வாழாத ஒரு சமரச வீடு வந்துவிடும். தனித்தனியே வரையவைத்துப் பிறகு ஒப்பிடுங்கள்.

“வீட்டைக் கீறுங்கோ” என்றால் கூரையும் கதவும்தான் வரும். “அம்மம்மா, படலையைத் திறந்து உள்ள வாறியள், அடுத்ததா கால் எங்க படும்?” என்று கேளுங்கள். விறாந்தை, சாமியறை, குசினி, கிணற்றடி என்று நடக்கிற வரிசையில் கோடு தானாக வளரும். பிறகு பொருட்களுக்கு வாருங்கள். தையல் மெஷின் எங்கே இருந்தது? தைக்கும்போது வெளிச்சம் எந்தக் கைப்பக்கம் விழுந்தது? அந்தப் பதிலோடு விடுபட்ட யன்னல் வந்துவிடும். வரைபவர் தயங்கினாலும் பென்சிலை நீங்கள் வாங்காதீர்கள்.

அடுத்து டிரேசிங் தாளை மேலே வைத்து 1 செ.மீ.க்கு 1 மீட்டர் என்ற அளவில் திருத்தி வரையுங்கள். அளவுக்குக் கட்டிலை 6 அடி, கதவை 3 அடி என்று பிடித்துக்கொண்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் ஆள் நடக்க இடமிருந்ததா என்று கேட்டால் அறையின் அகலம் பிடிபடும். காணி உறுதி (காணிப் பத்திரம்) கையில் இருந்தால் இன்னும் நல்லது. யாழ்ப்பாணக் காணி அளவில் 1 பரப்பு 10 பேர்ச், அதாவது சுமார் 253 சதுர மீட்டர்; 2 பரப்பு வளவு தாளில் ஏறக்குறைய 506 சதுர செ.மீ.க்குள் அடங்க வேண்டும். சிறுவயதில் வெளியேறியவர்கள் வரைந்தால் பெரும்பாலும் அடங்காது, அறைகள் பெருத்திருக்கும். டிரேசிங் தாளில் மட்டும் சுருக்குங்கள். எந்த அறை பெருத்தது என்பதும் பதிவில் இருக்க வேண்டிய தகவல்தான்.

பாஸ்டலில் வரைந்தால் ஸ்கேனரில் வைக்காமல் புகைப்படம் எடுங்கள். பொடி கண்ணாடியில் ஒட்டும். பொடி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் தெளிப்பானை 30 செ.மீ. தள்ளி, காற்றோட்டமான இடத்தில், மெல்லியதாக அடியுங்கள். கூடினால் நிறம் கறுக்கும். பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், நிலைமின் பொடியை இழுத்துவிடும். இடையில் கிளாசின் என்ற வழுவழுப்பான மெல்லிய தாள் வையுங்கள்.

ஊர், வெளியேறிய ஆண்டு, வரைந்த திகதி ஆகியவற்றைத் தாளின் பின்னால் பென்சிலால் எழுதுங்கள். மை முன்பக்கத்துக்கு ஊறும். காணி வழக்கில் இருந்தால், வரைந்தவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் வெளியே காட்டாதீர்கள்.