போட்டிப் படத்துக்குக் கருத்துச் சொல்லும் முறை

ஒகேனக்கல் அருவியைப் படமெடுத்துப் போட்டிக்கு அனுப்பியிருக்கும் புதியவரிடம் ‘நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்வது அவருக்கு எந்த வகையிலும் உதவாது. முதலில் படத்தை ஒரு நிமிடமாவது பேசாமல் பாருங்கள். கண் எங்கே போய் நிற்கிறதோ அதையே முதல் வரியாக எழுதுங்கள். நுரை வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரிந்தால், ‘வெளிச்சம் அதிகம்’ என்று முடித்துவிடாமல், உச்சி வெயிலில் நுரையின் நுணுக்கங்கள் அழிந்துவிடுகின்றன என்பதையும், எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விழும் ஒளியின் அளவை) ஒரு ஸ்டாப், அதாவது பாதியாகக் குறைத்தோ காலை வெயிலிலோ எடுத்தால் அவற்றைக் காப்பாற்றலாம் என்பதையும் விளக்குங்கள். நீர் பட்டுப்போல் வழிய வேண்டுமானால் கேமராவை முக்காலியில் வைத்து ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் திரை) திறந்திருக்கும் நேரம் 1/4 நொடி, துளிகள் உறைந்து நிற்க வேண்டுமானால் 1/1000 நொடி என்று எண்ணோடு சொல்லுங்கள். பரிசல்காரரின் துடுப்பு ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். கேமராவின் விலையைப் பற்றி மட்டும் பேசவே கூடாது. செல்போனில் எடுத்தவர் அத்தோடு ஒதுங்கிவிடுவார்.