கையெழுத்துப் போடும் முன் அவகாசம் கேளுங்கள்

முழங்காலில் ஐஸ் பையோடு மகள் வீடியோ காலில் வந்தாள். "அம்மா, கோச் ஒரு ஃபார்ம் கொடுத்திருக்கார். வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து போடணுமாம்." ஏசிஎல் என்கிற முழங்கால் தசைநார் ஆபரேஷன் முடிந்து ஐந்தே மாதம். அது தேறி ஆட்டத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரி அணியில் ஆடும் உங்கள் பிள்ளைக்கும் இப்படி 'மெடிக்கல் ரிட்டயர்மென்ட்' தாள், அதாவது உடல்நிலை காரணமாக ஆட்டத்தை விட்டு விலகுவதாகச் சொல்லும் தாள், வந்தால், அன்றே கையெழுத்துப் போட விடாதீர்கள். உதவித்தொகை பொதுவாகத் தொடரும். ஆனால் அந்தக் கல்லூரிக்காக மறுபடி ஆடும் வாய்ப்பு அநேகமாகப் போய்விடும்.

"போடலேன்னா பணம் நின்னுடும்" என்று யாராவது சொன்னால் மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒப்புக்கொண்ட காலம் முடியும் முன் காயத்தைக் காட்டி உதவித்தொகையை நிறுத்த என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பு) முதல் பிரிவு விதி இடம் தராது. அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்காவிட்டால் ஜூலை 1க்குள் கடிதம் வர வேண்டும்; கல்லூரியிலேயே விளையாட்டுத் துறைக்கு வெளியே இருப்பவர்களிடம் முறையிடலாம். நாங்கள் எழுதிக் கேட்டதும் கெடு இரண்டு வாரம் தள்ளிப்போனது.

அந்த இரண்டு வாரத்தில் ஸ்கேன் சிடியை வாங்கி கல்லூரிக்கு வெளியே இருக்கும் ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டினோம். அவரிடம் ஒன்றே கேளுங்கள்: "இனி ஆடவே கூடாதா, இப்போதைக்குக் கூடாதா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டிருந்தால் அது வேறு. அங்கே டாக்டர் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள்.